கை மரத்துப் போகுதா? விரலைக் கேளுங்க

கை மரத்துப் போகுதுன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. நம்ம ஊர்ல ரெடியா மூணு பதில் இருக்கும். "வீக்னஸ்தான், நல்லா சாப்பிடு." "கேஸ் ட்ரபிளா இருக்கும்." "ரத்த ஓட்டம் சரியில்ல." இடது கையா இருந்துட்டா நாலாவதா ஒண்ணும் வரும்: "எதுக்கும் ஹார்ட்டைப் பார்த்துக்க." அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

நாமெல்லாம் பி.காம் பசங்க. ட்ரயல் பேலன்ஸ் டாலி ஆகலைன்னா வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டுட்டு, எந்த லெட்ஜர்ல பிசகுன்னு அப்புறமா தேடுவோம். இந்த "வீக்னஸ்" இருக்கே, அது கிட்டத்தட்ட சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான். போட்டுட்டா மனசுக்கு நிம்மதி. அப்புறம் யாரும் தேடுறதே இல்ல.

எனக்கு இது ஆரம்பிச்சது செகண்ட் இயர்ல. பெஞ்ச் பிரஸ் முடிச்சு ட்ரைசெப்ஸ் பண்ணும்போது, மூணாவது செட்ல இடது கையில சுண்டு விரலும் மோதிர விரலும் பஞ்சு மாதிரி ஆகிடும். வலி சுத்தமா கிடையாது. ஜிம்ல இருக்கிற அண்ணன்கிட்ட சொன்னேன். "தம்பி, முட்டையைக் கூட்டு"ன்னார். கூட்டியாச்சு. செலவுதான் கூடிச்சு, விரல் அப்படியேதான் இருந்துச்சு :)

அதுக்கப்புறம் படிச்சதையும், டாக்டர்கிட்ட கேட்டதையும் இங்க எழுதறேன். நான் டாக்டர் இல்ல, வருங்கால ஆடிட்டர் (அப்படின்னு ஒரு நம்பிக்கை). அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல ஒரு விஷயம். மரத்துப் போறது பெரும்பாலும் ரத்தம் நின்னு போனதால இல்லீங்க. நரம்பு ஒண்ணு எங்கயோ அழுந்துது, இல்ல இழுபடுது. நரம்புக்குன்னே பொடிப் பொடி ரத்தக் குழாய்கள் இருக்கு. அதுவும் சேர்ந்து நசுங்கும்போது நரம்பு தகவல் அனுப்புறதை நிறுத்திடுது. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தா கால் மரத்துப் போறதும் இதே கதைதான்.

கைக்கு வர்ற நரம்பெல்லாம் கழுத்துலேர்ந்து கிளம்புது. அஞ்சு வேர். அதெல்லாம் தோள்கிட்ட பின்னிப் பிணைஞ்சு, காலர் எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவுல நுழைஞ்சு கைக்குள்ள இறங்குது. உள்ளங்கை, விரல் வரைக்கும் வர்ற முக்கியமான நரம்பு மூணு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஏரியா. அதனால எந்த விரல் மரக்குதுன்னு பார்த்தாலே பாதிக் கணக்கு முடிஞ்சுது.

சுண்டு விரலும், மோதிர விரல்ல பாதியும் மரத்தா அது அல்நார் நரம்பு. முழங்கையை எங்கயாவது இடிச்சா கரண்ட் அடிச்ச மாதிரி சுள்ளுனு இருக்குமே, அது எலும்பு இல்ல, இந்த நரம்புதான். முழங்கையோட உள்பக்க எலும்புக்குப் பின்னாடி, தோலுக்கு ரொம்பப் பக்கத்துல ஓடுது. கையை நல்லா மடக்கினா நரம்பு இழுபடும், அது போற சந்தும் குறுகும். முழங்கையை முழுசா மடக்குற ட்ரைசெப்ஸ் பயிற்சியில இது தெரியறதுக்குக் காரணம் அதான். இதே நரம்பு மணிக்கட்டுலயும் அழுந்தலாம். பாரோட கனம் உள்ளங்கையோட அடிப்பகுதியில இறங்கும்போது அப்படி ஆகும். ரொம்ப தூரம் சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும் ஹேண்டில்பாரால இது வரும்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல்ல மீதிப் பாதி. இது மீடியன் நரம்போட ஏரியா. மணிக்கட்டுல ஒரு சின்னக் குகை மாதிரி இடம். அதுக்குள்ள ஒன்பது தசைநாணோட நெருக்கியடிச்சு இந்த நரம்பும் போகுது, பீக் ஹவர் பஸ் மாதிரி. மணிக்கட்டை ஒரேயடியா மடக்கி வச்சு இறுக்கிப் பிடிச்சா முதல்ல நசுங்குறது இதுதான். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகள்ல 77 கிலோ பிரிவுல தங்கம் வாங்கினார் இல்லையா, அந்த வீடியோ கிடைச்சா பாருங்க. பாரைத் தோள்ல வாங்குற நொடியில மணிக்கட்டும் முழங்கையும் எவ்வளவு மடங்குதுன்னு தெரியும்.

புறங்கையில கட்டை விரல் பக்கம் மரத்தா ரேடியல் நரம்பு. மேல்கை எலும்பைச் சுத்திக்கிட்டு வர்ற நரம்பு இது. நாற்காலி முதுகுல கையைத் தொங்கப் போட்டு அசந்து தூங்கினவங்களுக்கு இது அழுந்தும்.

அடுத்தது கழுத்து. அங்க டிஸ்க் பிதுங்கி வேரை அழுத்தினாலும் மரக்கிறது விரல்தான். தலையை அந்தப் பக்கமா சாய்ச்சு மேல பார்க்கும்போது மரப்பு கூடுச்சுன்னா கழுத்து மேல சந்தேகப்படலாம். சுண்டு விரலோட சேர்ந்து முன்கையோட உள்பக்கமும் மரத்தா, பிரச்சினை முழங்கையில இல்லாம இன்னும் மேல இருக்க வாய்ப்பு அதிகம். கையை மேல தூக்குற பயிற்சியில மட்டும் மரத்தா காலர் எலும்புகிட்ட நெருக்கடியான்னு பார்ப்பாங்க. சிலருக்குப் பிறவியிலயே கழுத்துல ஒரு விலா எலும்பு கூடுதலா இருக்கும், அதுவும் இடத்தை அடைக்கும்.

ரெண்டு கையும், கூடவே காலும் மரத்தா ஜிம்மை விட்டுட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்க. சர்க்கரை, பி12 குறைவு, தைராய்டு எல்லாம் அதுல தெரியும்.

இதுல காத்திருக்கவே கூடாதது சிலது உண்டு. வெயிட் தூக்கினப்புறம் ஒரு கை முழுக்க வீங்கி நீலமா மாறினா, தோள்கிட்ட ரத்தக் குழாய்ல கட்டி அடைச்சிருக்கலாம். இளவயசுக்காரங்களுக்கும் வரும். 1875-ல லண்டன்ல பேஜட்டும், 1884-ல வியன்னாவுல ஷ்ரோட்டரும் எழுதி வச்சதால ரெண்டு பேர் பேரும் அதுக்கு இருக்கு. கை மரப்போட நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் வந்தாலோ, வாய் கோணிப் பேச்சு குழறினாலோ கூகுள் பண்ணாம 108-க்குப் போன் பண்ணுங்க.

என் கணக்குக்கு வர்றேன். அரசு மருத்துவமனையில டாக்டர் முழங்கையை லேசாத் தட்டினார், சுண்டு விரல்ல சுள்ளுனுச்சு. அப்புறம் ஒரு காகிதத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிக்கச் சொல்லி இழுத்தார். கட்டை விரல் நுனி மடங்கினா தசை பலம் குறைஞ்சிருக்குன்னு அர்த்தமாம். எனக்கு மடங்கலை. ராத்திரி கை மடங்காம இருக்க முழங்கையில துண்டு சுத்திட்டுப் படு, ட்ரைசெப்ஸைக் கொஞ்ச நாள் நிறுத்துன்னார். ஒன்றரை மாசத்துல சரியாச்சு. மாத்திரை கூட இல்ல.

"வலிக்கலையே, விட்டிருந்தா என்ன சார் ஆகியிருக்கும்?"னு கேட்டேன். நரம்பு நிஜமாவே அறுந்தோ சிதைஞ்சோ போனா, திரும்ப வளர்ற வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்னு சொன்னார். முழங்கைலேர்ந்து விரல் வரைக்கும் 30 சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா 300 நாள். அதுக்குள்ள உள்ளங்கைத் தசை வத்திப் போச்சுன்னா முழுசா திரும்பாதாம்.

இதை வீட்ல சொல்லிட்டு இருக்கும்போதுதான் அப்பா பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னார். அவர் டூ வீலர் மெக்கானிக். "எனக்கும் ராத்திரி மரக்கும்டா. எழுந்து உதறினா சரியாயிடும். நாலஞ்சு வருஷமா இருக்கு." உதறுறது மீடியன் நரம்பு அழுந்துறவங்க வழக்கமா செய்யற காரியம். கையைப் பிடிச்சுப் பார்த்தேன். வலது கையில கட்டை விரலுக்குக் கீழ இருக்கிற மேடு, இடது கையை விடத் தட்டையா இருந்துச்சு. ஸ்பேனர் பிடிச்சு எங்களைப் படிக்க வச்ச கை அது.

அடுத்த திங்கக்கிழமையே கூட்டிட்டுப் போனேன். நரம்பு டெஸ்ட் எடுத்தாங்க. மணிக்கட்டுதான். இப்போ ராத்திரி பட்டை போட்டுட்டுத் தூங்கறார், ஆபரேஷன் தேவையான்னு அடுத்த மாசம் சொல்வாங்க. "ஒரு நாள் கூலி போச்சு"ன்னு இன்னும் புலம்பிட்டுதான் இருக்கார்.

உங்க வீட்லயும் தையல் மெஷின், தறி, ஸ்பேனர், கீபோர்டுன்னு ஏதாவது ஒண்ணைப் பிடிச்ச கை இருக்கும். "ராத்திரி கை மரக்குதா?"ன்னு கேட்டுப் பாருங்க. கேக்கலைன்னா அவங்களா சொல்ல மாட்டாங்க.

காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் நாளைக்கு. வரட்டா?