அகத்தியர் எங்கே?

எல்லாரும் ஒரே வானத்தின் கீழ் வாழ்கிறோம் என்று சொல்வது மேடைக்கு அழகு. கணக்கு அதை ஒப்புக்கொள்வதில்லை. ஊர் மாறினால் வானமும் மாறுகிறது. நெல்லைச் சீமையிலிருந்து தில்லிக்குப் படிக்க வந்தவன் உற்றாரையும் ஊரையும் மட்டுமா விட்டு வருகிறான்? தென்வானத்தில் ஒரு பகுதியையும் விட்டு வருகிறான். இதை எனக்கு எடுத்துக் காட்டியது, மேசைமேல் அடங்கும் ஒரு சிறு கோளரங்கக் கருவி.

இத்தகைய கருவிகள் இன்று இணைய அங்காடிகளில் எளிதாகக் கிடைக்கின்றன. அறையை இருட்டாக்கிப் பொத்தானை அழுத்தினால் கூரையெங்கும் விண்மீன்கள் பூக்கும். அவற்றுள் வெறும் பொம்மைகளே மிகுதி; அவை காட்டும் புள்ளிகளுக்கும் வானத்துக்கும் உறவே இல்லை. நல்ல கருவியின் அமைப்பு வேறு. உள்ளே ஒளி மிக்க ஓர் எல்.இ.டி. விளக்கு, அதன் முன்னே நுண்ணிய விண்மீன்கள் பதித்த ஒரு வட்டத் தட்டு, அதற்கும் முன்னே வில்லைகள். சிறு மோட்டார் ஒன்று தட்டை மெல்லச் சுழற்றும். ஜப்பானின் சேகா டாய்ஸ் நிறுவனம் தக்கயுகி ஓஹிரா என்னும் பொறியாளரின் துணையோடு 2005-இல் வெளியிட்ட ஹோம்ஸ்டார் பல்லாயிரம் விண்மீன்களைக் காட்டியது. நல்ல இருட்டிலும் வெறுங்கண்ணுக்கு ஒரே நேரத்தில் சில ஆயிரம் விண்மீன்களே புலப்படும். நம் விடுதி மாடியிலோ, தெரிகின்றவற்றை எண்ணி முடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்!

நம் சங்க அன்பர்கள் சிலர் சனிக்கிழமைதோறும் இங்குள்ள தமிழ்க் குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு சனிக்கிழமை, விடுதி நண்பர் ஒருவரின் கருவியை இரவல் வாங்கி அவ்வகுப்புக்குக் கொண்டுபோனேன். முதலில் ஒரு கதை சொன்னேன். சிவபெருமான் திருமணத்துக்காக எல்லாரும் இமயத்தில் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததும், அதைச் சமன்செய்ய அகத்தியர் பொதிகைக்கு அனுப்பப்பட்டதுமாகிய பழங்கதை அது. பிறகு விளக்கை அணைத்தோம். குழந்தைகளின் ஆரவாரம் அடங்கச் சிறிது நேரமாயிற்று. அப்போது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, தில்லியிலேயே பிறந்தவள், கேட்டாள்: “அகத்தியர் எங்கே, அண்ணா?”

கூரை முழுவதும் தேடினேன். அகத்தியர் இல்லை. அந்தத் தட்டு வடதுருவத்தை நடுவாக வைத்து வரையப்பட்டது. அகத்தியர் இருக்கும் தொலைவை எட்டுமுன்பே அதன் விளிம்பு முடிந்துவிட்டது. வானத்தின் இரண்டாவது ஒளி மிக்க விண்மீன், ஆங்கிலத்தில் கனோப்பஸ் எனப்படுவது, பல்லாயிரம் புள்ளிகளுக்கு நடுவே இல்லை!

எனக்கு அது வெறும் விண்மீன் அன்று. அம்பாசமுத்திரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டிச் சோறூட்டினார்கள்; என் ஆச்சி எனக்கு அகத்தியரைக் காட்டி ஊட்டினாள். மாசி இரவுகளில் அவர் மலைப் பக்கம் சாயும் வரையில் கதை நீளும். நான் இங்கே வந்த முதலாண்டிலேயே ஆச்சி மறைந்தாள். அவள் கொடுத்தவற்றுள் நான் பிறர்க்குக் கொடுக்கக்கூடியது இது ஒன்றுதான். அதுவும் இந்தக் கூரையில் இல்லையென்றால் எப்படி?

கருவியைக் குறை கூறிப் பயனில்லை. எந்தக் கோளரங்கமும் ஏதோ ஓர் ஊரில் நின்றுதான் வானத்தைப் பார்க்கிறது. 1923-இல் ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தார் வால்ட்டர் பவர்ஸ்ஃபெல்டின் திட்டப்படி செய்த முதற்கருவி மியூனிக் நகரின் வானத்தை மட்டுமே காட்டியது. மியூனிக் 48 பாகை வடக்கே உள்ளது. அங்கே அகத்தியர் உதிப்பதே இல்லை.

ஏன் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 52.7 பாகையில் இருப்பவர் அகத்தியர். அதை 90-இலிருந்து கழித்தால் 37.3. இதிலிருந்து உங்கள் ஊரின் அட்சரேகையைக் கழியுங்கள். அகத்தியர் தென்வானில் ஏறும் உச்ச உயரம் கிடைக்கும். துருவ விண்மீனின் உயரமோ ஏறத்தாழ அட்சரேகையே. ஜந்தர் மந்தரில் ஜெய்சிங் மன்னர் எழுப்பிய பெரிய சூரியக் கடிகாரத்தின் சரிவும் அதே அளவினது. வடக்கே ஒரு பாகை நகர்ந்தால் துருவம் ஒரு பாகை ஏறும். அகத்தியர் ஒரு பாகை இறங்குவார்.

அம்பாசமுத்திரத்தின் அட்சரேகை 8.7, தில்லியின் அட்சரேகை 28.6. கழித்துப் பார்த்த நான் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன். அம்பையில் துருவம் 8.7 பாகை, அகத்தியர் 28.6 பாகை. தில்லியில் துருவம் 28.6 பாகை, அகத்தியர் 8.7 பாகை! தராசின் தட்டுகள் இடம் மாறியது போல் இரண்டும் அப்படியே மாறி நிற்கின்றன. அகத்தியர் தில்லியில் இல்லாமல் போகவில்லை. தாழ்ந்து நிற்கிறார், அவ்வளவே.

இதைக் குழந்தைகளுக்குக் காட்ட வேறொரு கருவி வேண்டியிருந்தது. அமெரிக்கரான ஆர்மண்ட் ஸ்பிட்ஸ் 1947-இல், பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட கூட்டில் துளையிட்டு எளிய கோளரங்கம் செய்தார். அவ்வழியே நானும் கறுப்பு அட்டையில் பன்னிரண்டு ஐங்கோணங்கள் வெட்டி ஒட்டினேன். ஒளி மிக்க விண்மீனுக்குப் பருத்த ஊசி, மங்கியதற்கு மெல்லிய ஊசி. உள்ளே வைக்கும் விளக்கு மிகச் சிறியதாக இருத்தல் வேண்டும். பெரிதானால் ஒவ்வொரு விண்மீனும் அப்பம்போல் பரந்துவிடும். வில்லை இல்லை, மோட்டார் இல்லை, முந்நூறு துளைகள்தாம்.

கூட்டின் அச்சை 8.7 பாகை சாய்த்து வைத்தபோது, தெற்குச் சுவரின்மேல் அகத்தியர் உயர்ந்து நின்றார். புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி அச்சை 28.6 பாகைக்கு உயர்த்தினோம். வடக்கே துருவம் ஏற, தெற்கே அகத்தியர் இறங்கி வந்தார். “தாத்தா ஊரிலிருந்து ரயிலில் வருகிற மாதிரி இருக்கிறது அண்ணா!” என்றாள் அதே சிறுமி. என் விளக்கங்களைவிட அவள் சொன்னதே தெளிவாக இருந்தது.

பிப்ரவரி நடுவில், காற்று வெளுத்திருந்த ஓரிரவு, பெற்றோர் துணையுடன் மாடியேறினோம். ஒன்பது மணியளவில் தெற்கே சிரியஸ் ஒளிர்ந்தது. அதற்கு நேர் கீழே, நீர்த்தொட்டிகளுக்குச் சற்றே மேலே, புகையினூடே செம்மை படர்ந்த ஒரு புள்ளி நடுங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு பார்த்தார்கள். ஆச்சியின் கதையில் மீதியை நான் அங்கே சொல்லி முடித்தேன்.

நண்பர்களே, உங்கள் ஊர் சென்னையானால் அங்கே அகத்தியர் 24 பாகை ஏறுவார். மதுரையானால் 27 பாகை. இந்த மாசியில் நீங்களும் மாடிக்கு வாருங்கள். முந்நூறு துளையிட்ட அட்டைக்கூடு சங்க அறையின் அலமாரியில் இருக்கிறது, கேட்பவர்க்கெல்லாம் கிடைக்கும்.