நல்ல ஹெலிகாப்டர் மலையில் மோதுமா?

எஞ்சினில் கோளாறில்லை, விமானி கையில்தான் கட்டுப்பாடு... ஆனாலும் மோதல்! 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்ததற்கு விசாரணைக் குழு சொன்ன காரணம் இதுதான். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரும் இறந்தார்கள் (ஒருவர் மட்டும் ஒரு வாரம் கழித்து).

பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் மேகம். உள்ளே போய்விட்டால் தரை எது, வானம் எது என்று தெரியாது. சாய்ந்து பறந்தாலும் நேராகப் போவதாகக் காது சொல்லும். ஆமாம், சமநிலை உணர்வு இருப்பது காதுக்குள்தான்! அப்போது நம்பவேண்டியது கருவிகளை.

மலை நெருங்கினால் கத்தும் ஜி.பி.எஸ். கருவி இப்போது சின்ன விமானங்களுக்கும் கிடைக்கிறது. அதைவிட மலிவான வழி, மேகத்தைக் கண்டதுமே திரும்பிவிடுவது. சொல்வது சுலபம். இறங்குமிடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது யாருக்குத்தான் மனம் வரும்? அன்று வெலிங்டனில் இறங்கவேண்டிய நேரம் 12.15. தொடர்பு அறுந்தது சுமார் 12.08-க்கு.