நாற்பது சதவீதம்

சரக்கு லாரி ஓட்டுநர் ஒருவர் மீது கொலை முயற்சி வழக்கு, இந்திய தண்டனைச் சட்டம் 307. சம்பவ நேரம் இரவு 10.36. பக்கத்து பெட்ரோல் பங்க் கேமராவில் தாக்குதல் பதிவாகியிருந்தது, முகம் தெரியவில்லை. அன்றிரவு சரியாக 10 மணிக்கு, 60 கிலோமீட்டர் தள்ளியிருந்த சுங்கச்சாவடியை அவரே லாரி ஓட்டிக் கடந்ததும் கேமராவில் இருந்தது. இரண்டு நேரங்களையும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அதே லாரியில் வந்துதான் தாக்கினார் என்பது அரசுத் தரப்பு.

சம்பவ நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுக்குள் வரும் வாதம். இன்றைய சட்டத்தில் அது 9-ஆம் பிரிவு. அதை மெய்ப்பிக்கும் சுமை எதிரியுடையது. எனவே புலன் விசாரணை அதிகாரியின் குறுக்கு விசாரணையை நேரத்திலேயே தொடங்கினேன்.

“அந்தத் தூரத்துக்கு லாரி வழக்கமாக எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் சார்.”

“36 நிமிடத்தில் வர முடியுமா?”

“நேரம் 40 சதவீதம் குறையணும். வேகத்தை 40 சதவீதம் கூட்டினா போதும். 84-ல வந்திருப்பார்.”

கேட்டவுடன் நியாயமாகப் படும் பதில் இது. ஒரு மனிதனைப் பல ஆண்டுகள் சிறைக்கு அனுப்பப் போதுமான பதில் என்பதால்தான் எனக்குப் பதற்றமாக இருந்தது. 84 கிலோமீட்டர் வேகத்தில் 36 நிமிடத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். காகிதம் வாங்கிப் போட்டுப் பார்த்தார்: 50.4 கிலோமீட்டர். சம்பவ இடம் இன்னும் 9.6 கிலோமீட்டர் தள்ளி.

100 ரூபாய்க் கூலியில் 40 சதவீதம் பிடித்தால் 60 ரூபாய். அந்த 60-இல் 40 சதவீதம் கூட்டினால் 84தான் வரும், 100 வராது. வேகமும் அப்படியே. நேரம் ஐந்தில் மூன்றாகக் குறைய வேண்டுமானால், வேகம் மூன்றில் ஐந்தாக உயர வேண்டும். அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். கூடுதல் 40 சதவீதமல்ல, ஏறக்குறைய 67 சதவீதம்.

அந்த லாரியில் மோட்டார் வாகன விதிகளின் 118-ஆம் விதிப்படி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தது. உச்ச வேகம் 80. கருவி சரியாக இயங்கியதென்று மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையே சொன்னது. வழியில் எங்கும் நிற்காமல் 80-இலேயே ஓட்டினாலும் 45 நிமிடம் ஆகும்.

மறுவிசாரணையில் அரசு வழக்கறிஞர் இந்தக் கணக்கைத் தொடவில்லை. தீர்ப்பில் நீதிபதி அதை முழுமையாக எழுதி, எதிரியை விடுதலை செய்தார். அரசு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.