யாருடைய கையொப்பம்?

எமது சின்னம்மாவுக்குக் கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை நடைபெற்றபோது, சம்மதப் பத்திரத்தில் சித்தப்பா கையொப்பமிட்டார். சாட்சியாக நாமும் ஒப்பமிட்டோம். விடுதியிற் படுத்திருந்தவரிடம் அப்பத்திரத்தைக் கொண்டுசெல்ல வேண்டுமென்று படித்த நாமும் நினைத்தோமில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் ஒருநாள் அவர் கேட்டார்: "தம்பி, என்னட்டை ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?" நாம் தலைகுனிந்தோம்.

இதே கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன்னும் எழுந்ததுண்டு. 1995 மே மாதத்தில், டெல்லியில், 44 வயதுடைய மணமாகாத பெண்ணொருவர் நீடித்த உதிரப்போக்குக்காகச் சிகிச்சை நிலையமொன்றை நாடினார். அவர் ஒப்பமிட்ட பத்திரத்திற் கருப்பையை அகற்றும் பேச்சே இல்லை. அவர் மயக்கத்திற் கிடக்கையில், வெளியே காத்திருந்த தாயாரின் இசைவைப் பெற்றுக் கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. வைத்தியர் நன்னோக்குடனேயே செயற்பட்டார் என்பதை 2008 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும், உயிராபத்து இல்லாதவிடத்து, சுயபுத்தியுள்ள வயதுவந்த பெண்ணுக்காகப் பெற்ற தாயும் சம்மதிக்க முடியாது என்று தீர்த்தது. நட்டஈடு 25,000 ரூபா.

அன்பும் நன்னோக்கும் உரிமைக்கு ஈடாகா என்பதே இதன் பாடம்.

நோய் யாது, சிகிச்சையின் பயனும் தீங்கும் யாவை, வேறு வழி உண்டா, ஒன்றுஞ் செய்யாவிடின் என்னாகும் என்பவற்றை அவளுக்கு விளங்கும் மொழியிற் சொன்ன பின்னரே கையொப்பத்துக்குப் பொருளுண்டு. கருப்பைக் கட்டியெனின், கட்டியை மட்டும் அகற்றலாம். மருந்தால் உதிரப்போக்கைக் குறைக்கலாம். உபாதை தராத கட்டியைக் கண்காணித்திருக்கவுஞ் செய்யலாம். மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்பே சூலகங்களையும் எடுத்துவிட்டால் அவ்வயதின் உபாதைகள் திடீரெனத் தொடங்கும், எலும்பும் நலியக்கூடும். எல்லா வழியும் எல்லோருக்கும் பொருந்தா. பொருந்துவனவற்றுள் ஒன்றைத் தெரிவது அவளுடைய உரிமை.

கூட்டம் நிறைந்த இலவச வைத்தியசாலையில் விளக்கஞ் சொல்ல நேரமேது என்பர். மெய்தான். அதற்குக் கூடுதலான வைத்தியரையும் தாதியரையும் கோரிப் போராடுவோம். அக்குறைக்கு வறிய பெண்ணின் உடல் விலையாகக் கூடாது. நடைபாதையில் நின்று அவள் காதுக்கு எட்டாமல் முடிவெடுக்கும் வழக்கத்தைக் கற்றோராகிய நாம் முதலிற் கைவிடுவோம்.

சின்னம்மாவின் மகளுக்கும் அண்மையில் இச்சிகிச்சை பற்றிப் பேச்செழுந்தது. இம்முறை பத்திரம் அவள் கைக்கே சென்றது. அவள் வாசித்தாள், கேள்விகள் கேட்டாள், வைத்தியர் அமர்ந்திருந்து விடையளித்தார். யோசித்துச் சொல்வதாகக் கூறி, அன்று அவள் ஒப்பமிடவில்லை. நாம் காத்திருந்தோம்.