வண்டிக் காளையின் உரிமை

தென்காசிக்குக் கிழக்கே, கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுழலும் ஊர் சுரண்டை. இங்கிருந்து தூத்துக்குடி வரையுள்ள சீமையில் மாட்டுவண்டிப் பந்தயம் பெயர்பெற்றது. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் பிரிவுகள் உண்டு. காளைகள் மைல்கணக்கில் ஓடித் திரும்ப வேண்டும். பரிசு பெறுபவர் உரிமையாளர். ஆனால், பருத்திக்கொட்டை ஊட்டி, நீந்தவிட்டு, நடைபழக்கியவர் பராமரிப்பாளரே. உலகின் மறுகோடியில், 1925இல் தொண்டை அடைப்பானுக்கான மருந்தை அலாஸ்காவின் நோம் நகருக்கு இழுத்துச் சென்ற பனிவண்டி நாய்களும் பழக்கியவரை நம்பியே ஓடின.

காளைகள் படும் துன்பத்தைக் கருதி 2014இல் உச்ச நீதிமன்றம் இப்பந்தயத்தைத் தடுத்தது. 2023இல் மாநிலச் சட்டத் திருத்தங்களை ஏற்றபோதும், விதிகளைக் கண்டிப்புடன் காக்கப் பணித்தது.

தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரை அல்லாஹ் மன்னித்ததாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதை அறிந்த நாம், பந்தயத்தைக் காண நேர்ந்தால் காளையின் முதுகை முதலில் நோக்குவோம். அங்கே தார்க்குச்சியின் தழும்பு இருக்கலாகாது.