பழுது எங்கே?

அன்னையாரைக் கண் மருத்துவத்திற்காகக் கம்பத்திலிருந்து தேனிக்கு அழைத்துச் சென்றோம். சின்னமனூரைக் கடந்ததும் நம் பழைய வேன் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி முனகும், அன்று முனகவில்லை. பம்ப் கெட்டுவிட்டதென்று தீர்ப்பளித்துவிட்டோம்.

வந்த மெக்கானிக் அவசரப்படவில்லை. ஃபியூஸ் நன்றாயிருந்தது, ரிலேயும் 'டிக்'கென்றது. பம்புக்கு வரும் மின்கம்பியில் சோதனை விளக்கை வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்கின் மறுமுனை வண்டியின் இரும்பைத் தொட எரிந்தது. பம்பின் எர்த் கம்பியைத் தொட எரியவில்லை. மின்சாரம் வருகிறது, திரும்பும் வழிதான் அடைபட்டிருக்கிறது! துருவேறிய போல்ட் ஒன்றைச் சுரண்டி முடுக்கினார். பம்ப் முனகிற்று.

"உன் தம்பியை இப்படி விசாரித்தாயா?" என்றார் அன்னையார்.

அன்று மாலையே தம்பி வீட்டுக் கதவைத் தட்டினோம்.