தனுஷ்கோடி தண்ணீரும் வீட்டுத் தொட்டி ஃபைட்டர் மீனும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறும் குடும்பங்கள் ஏராளம். கோயில், பாம்பன் பாலம், அப்துல் கலாம் நினைவிடம், தனுஷ்கோடி என்று மூன்று நாளில் நிறைவாகச் சுற்றிவரலாம். வீட்டில் மீன் தொட்டி இருப்பவர்களுக்கு மட்டும் கிளம்பும்போது ஒரு கவலை கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். ஃபைட்டர் மீனுக்கு யார் சாப்பாடு போடுவது?

பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மூன்று நாளுக்குமாகச் சேர்த்து உணவை அள்ளிப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டுகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் கலங்கியிருக்கும். மயில் தோகை போல விரிந்திருந்த துடுப்புகள் உடம்போடு ஒட்டிப்போயிருக்கும். மீன் அடியில் கிடக்கும். வீட்டுக் குழந்தை, "மீனுக்கு என்னாச்சு?" என்று கேட்கும்.

அந்தக் கேள்விக்கான பாதி பதில், அந்தக் குடும்பம் சுற்றிவிட்டு வந்த பாதையிலேயே இருக்கிறது. மண்டபத்தில் தொடங்கி அரிச்சல்முனை வரை சுமார் 40 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் தண்ணீர் எத்தனை விதமாக மாறுகிறது என்று கவனித்தால், நோய் வந்த மீனுக்கு முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பது புரிந்துவிடும்.

மண்டபம்: கண்ணாடிக்குள் கடல்

பாம்பன் பாலம் ஏறுவதற்கு முன்பே வருகிறது மண்டபம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கப்பட்டது. 1971-ல் கொச்சிக்கு மாறும் வரை அதன் தலைமையகம் மண்டபத்தில்தான் இருந்தது. இப்போது இங்கே இருப்பது அதன் மண்டல மையம். இந்தியாவில் முதன்முறையாகக் கடல் விரால் மீனை வளர்ப்பிடத்தில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தது இங்கேதான், ஆண்டு 2010. ஆரஞ்சும் வெள்ளையுமாக இருக்கும் கோமாளி மீன்களையும் இங்கே இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். மையத்தின் மீன் காட்சியகத்தைப் பார்க்க விரும்புபவர்கள், திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கண்ணாடிக்குப் பின்னால் மீன் அழகாக நீந்துவதுதான் நம் கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் வேலையெல்லாம் தண்ணீர் வேலை. உப்பு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுத் தொட்டிக்கும் இதே கணக்குதான்.

ஃபைட்டர் மீன் தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் ஓடைகளிலும் வாழ்ந்த நன்னீர் மீன். 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. தலைக்குள் இருக்கும் ஒரு தனி உறுப்பின் உதவியால் மேலே வந்து காற்றைக் குடித்து மூச்சுவிடும். நம் ஊர் பனையேறிக் கெண்டைக்கும் இதே திறமை உண்டு. 1791-ல் தரங்கம்பாடியில் அந்த மீன் பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். ஆக, ஃபைட்டருக்குத் தூரத்துச் சொந்தக்காரர்கள் தமிழ்நாட்டுக் குளங்களிலும் இருக்கிறார்கள்.

காற்றைக் குடிக்கும் இந்தத் திறமையே அதற்கு எமனாகவும் ஆகிவிட்டது. "இதுக்குச் சின்ன பாட்டில் போதும்" என்று கடைகளில் சொல்வது இதை வைத்துத்தான். ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் அது தாக்குப்பிடிக்கும், உண்மைதான். ஆனால், சொந்தக் கழிவும் மிச்ச உணவும் அழுகி உண்டாகும் அம்மோனியாவிலிருந்து அந்த உறுப்பு அதைக் காப்பாற்றாது. பாட்டில் சிறிதாக இருந்தால் விஷம் சீக்கிரம் ஏறும், அவ்வளவுதான்.

குந்துகால்: கடலே நோயுற்ற நாள்கள்

பாலத்தைத் தாண்டிப் பாம்பனில் இறங்கினால், தென்புறம் குந்துகால். 1897-ல் சுவாமி விவேகானந்தர் வந்து இறங்கிய கரை இது. எதிரே தெரிவது குருசடைத் தீவு. 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று.

2019 செப்டம்பரில் இந்தப் பக்கத்துக் கடல் பச்சை நிறமானது. நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் கோடிக்கணக்கில் பெருகிவிட்டது. இந்தக் கரை மீனவர்கள் இதைப் 'பூங்கோரை' என்பார்கள். அது பெருகி, செத்து, அழுகியபோது தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. நகர்ந்து தப்பிக்க முடியாத பவளங்களும் மடிந்தன.

அந்த மீன்களுக்கு எந்தக் கிருமியும் தொற்றவில்லை. தண்ணீர்தான் கெட்டது. இவ்வளவு பெரிய கடலிலேயே இது நடக்கும் என்றால், ஐந்து லிட்டர் கண்ணாடிக் குடுவையில் நடக்க ஒரு வார இறுதி போதாதா? மீன் சோர்ந்தவுடன் மருந்துச் சொட்டுகளை ஊற்றத் தோன்றும். பொறுங்கள். கடைகளில் கிடைக்கும் நீல மருந்து, கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிடக்கூடும். தண்ணீர் இன்னும் மோசமாகும்.

வில்லூண்டியும் 22 தீர்த்தங்களும்: கண்ணுக்கு ஒன்றுதான்

ராமேஸ்வரம் போகும் வழியில் தங்கச்சிமடம். இங்கே கடலுக்குள் பாலம் போல நீளும் நடைபாதையின் முடிவில் ஒரு கிணறு. பெயர் வில்லூண்டி தீர்த்தம். சீதையின் தாகம் தீர்க்க ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது தல நம்பிக்கை. சுற்றிலும் உப்புக் கடல். நடுவில் இருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர்.

ராமநாதசுவாமி கோயிலுக்குள் போனால் வியப்பு இன்னும் கூடும். கிழக்குக் கோபுரத்திலிருந்து சில நிமிட நடையில் கடல். ஆனால், உள்ளே இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக மொண்டு ஊற்றும்போது, ஒன்றுக்கொன்று சுவை வேறு, குளிர்ச்சி வேறு என்று பக்தர்கள் சொல்வதைக் கேட்கலாம். பார்த்தால் எல்லாமே ஒரே தண்ணீர்தான்.

'தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே' என்பது மீன் தொட்டிக்கு நற்சான்றிதழ் ஆகாது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் குளோரினும் கண்ணுக்குத் தெரியாது. மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைச் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால், சில நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்.

தனுஷ்கோடி: சிறுகச் சிறுக ஊறும் உயிர்

ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பினால் இருபுறமும் கடல் நெருங்கி வந்துகொண்டே இருக்கும். 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயலில், தனுஷ்கோடியை நெருங்கிய பாசஞ்சர் ரயில் நூறுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. ஊரும் அழிந்தது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்களும் இன்றும் நிற்கின்றன.

ஆனாலும், மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இங்கே வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அவர்களைத் தாங்கி நிற்பது மணலில் கையால் தோண்டும் ஊற்று. கடலுக்கு மிக அருகிலேயே, சில அடி ஆழத்தில் குடிக்கத்தக்க தண்ணீர் சுரக்கிறது.

இதன் ரகசியம் எளிது. மணலில் இறங்கும் மழைநீர், கடல்நீரைவிட எடை குறைவு. அதனால் உப்புத் தண்ணீரின் மேலேயே மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. சிறு கிண்ணத்தால் மொண்டு, மறுபடி ஊறும் வரை காத்திருந்து, மறுபடி மொண்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும். ஆழமாகத் தோண்டினாலோ, ஒரேயடியாக இறைத்தாலோ கீழிருந்து உப்பு மேலேறிவிடும். அவசரப்பட்டால் ஊற்று கெட்டுவிடும் என்பதை இங்குள்ள பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நோயுற்ற மீனுக்குத் தண்ணீர் மாற்றுவதும் இப்படித்தான். பதற்றத்தில் தொட்டியை முழுக்கக் கவிழ்த்து, சோப்பு போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புபவர்கள் உண்டு. அதுவரை தாக்குப்பிடித்த மீன் அந்த அதிர்ச்சியில் போய்விடும். ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீரை எடுத்து, கால் பங்கு மட்டும் மாற்ற வேண்டும். தொட்டித் தண்ணீரின் வெப்பமும் புதிய தண்ணீரின் வெப்பமும் ஒன்றாக இருக்க வேண்டும். அம்மோனியா இறங்கும் வரை தினமும் இதையே செய்யலாம். பொறுமைதான் இங்கே பாதி மருந்து.

அரிச்சல்முனை: விட்டுவிடாதீர்கள்

2017-ல் சாலை திறக்கும் வரை ஜீப்பிலும் வேனிலும் மணலில் குலுங்கித்தான் இந்த முனைக்கு வர வேண்டியிருந்தது. இப்போது பேருந்தே வருகிறது. ஒரு பக்கம் பாக் நீரிணை. உள்ளூர்க்காரர்களுக்கு அது 'பெண் கடல்'. மறுபக்கம் மன்னார் வளைகுடா, 'ஆண் கடல்'. சாலை முடியும் இடத்தில் நின்றால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். நீரோட்டம் பலமாக இருப்பதால் இங்கே இறங்கிக் குளிக்கக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

'இதுக்கு மேல வெச்சுப் பார்க்க முடியல, தண்ணியில விட்டுடலாம்' என்று நோயுற்ற மீனைச் சுமந்துகொண்டு கடலுக்கோ குளத்துக்கோ போகிறவர்கள் இருக்கிறார்கள். அது கருணை ஆகாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஃபைட்டர் அதில் பிழைக்காது. ஊருணியில் விட்டால் அதன் நோய் அங்கிருக்கும் மீன்களுக்குப் போகலாம். வெளியூர் உயிர் ஒன்று புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கரையே சாட்சி. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்னும் கடற்பாசி, குருசடைத் தீவுப் பக்கத்துப் பவளங்களின் மேல் படர்ந்து அவற்றை மூடியது. அதை இன்றுவரை முழுதாக அகற்ற முடியவில்லை.

வீடு திரும்பியதும் செய்ய வேண்டியவை

* கிளம்பும் முன்: மூன்று, நான்கு நாள் பயணம் என்றால் உணவே வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் வளர்ந்த ஃபைட்டர் அதைத் தாங்கும். முந்தைய நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். தொட்டிக்கு மூடி அவசியம். ஃபைட்டர் துள்ளி வெளியே விழும்.
* தொட்டி: குறைந்தது 15 முதல் 20 லிட்டர், மெதுவாக ஓடும் ஃபில்டர், 25 முதல் 28 டிகிரி வெப்பம். மார்கழிக் குளிரில் சிறிய ஹீட்டர் தேவைப்படலாம். ஒரு தொட்டியில் ஓர் ஆண் மீன் மட்டுமே.
* ஒருக்களித்து மிதந்தால்: பெரும்பாலும் அதிக உணவால் வந்த மலச்சிக்கல். இரண்டு நாள் பட்டினி போட்டுப் பாருங்கள். அதன் வயிறு அதன் கண் அளவுதான் என்பார்கள். வேளைக்கு இரண்டு, மூன்று உருண்டைகள் போதும்.
* துடுப்பு நைந்தால்: தண்ணீரைச் சுத்தமாக்குவதே முதல் சிகிச்சை. லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைத் தனியாகக் கரைத்துச் சேர்க்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது என்பதால், குறைந்த அளவை ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும்.
* உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால்: இது ஒட்டுண்ணி. இதற்கு மருந்து வேண்டும். கால்நடை மருத்துவரையோ, அனுபவமுள்ள மீன் வளர்ப்பாளரையோ கேட்டுக் கொடுங்கள்.
* வாதாம் இலை: மரத்திலிருந்து தானே உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடலாம். தண்ணீர் தேநீர் நிறமாகும். ஃபைட்டருக்கு அது பிடிக்கும். ஆனால், அதை மட்டும் நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது.

செதில்கள் சிலிர்த்து, வயிறு ஊதிவிட்டால் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை. ஃபைட்டரின் ஆயுளே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள்தான். கடையில் வாங்கும்போதே அதில் சில மாதங்கள் கழிந்திருக்கும். அப்படிப் போய்விட்டால் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாமல், தோட்டத்திலோ பூந்தொட்டியிலோ குழந்தையோடு சேர்ந்து மண்ணில் புதைத்துவிடுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால், தண்ணீரைச் சரிசெய்ததும் தேறிவிடும் மீன்களும் நிறைய. முதலில் துடுப்பு விரியும். பிறகு உணவைத் தேடி மேலே வரும். ஆண் மீன் தண்ணீரின் மேல்பரப்பில் குட்டிக் குட்டிக் குமிழ்களைச் சேர்த்து நுரைக்கூடு கட்டவும் ஆரம்பிக்கலாம். அப்போதும் வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.